கல்லூரி இல்லாத நாட்டில் கல்லூரி ஆட்டம்

கெடாத் தமிழர் வரலாறு – பகுதி 17

1920களின் பிற்பாதியில் கெடா மாநிலத்தில் கல்லூரி என்று சொல்லத்தக்க உயர்கல்வி நிலையம் ஒன்றுகூட இல்லை. மலாயாவையும் சிங்கப்பூரையும் சேர்த்துப் பார்த்தாலும் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு வரை தோன்றவில்லை. அப்படியிருந்தும், இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உருவாகி, 1848இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளின் வழியாகவும் 1863இல் லண்டனில் அமைந்த காற்பந்துச் சங்கத்தின் வழியாகவும் ஒழுங்குபெற்ற காற்பந்தாட்டம், அக்கல்லூரிகளின் பாடங்களுக்கும் பட்டங்களுக்கும் முன்பாகவே அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வேர்விட்டிருந்தது. வீடு எழும்புமுன் அதன் முற்றம் மட்டும் வந்து சேர்ந்ததைப் போன்ற நிலை அது. அந்த முற்றத்தில் இறங்கி ஆடியவர் யார், ஓரத்தில் நின்று பார்த்தவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், அக்காலக் கெடாத் தமிழர் வாழ்ந்த இரு வேறு உலகங்களின் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியவரும்.

முதலில் ‘கல்லூரி’ என்ற சொல்லையே சற்று ஆராய வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் மலாயாவில் அச்சொல் ஒரே பொருளில் வழங்கவில்லை. பேராக் மாநிலத்தின் கோலக்கங்சாரில் 1905இல் தொடங்கப்பட்ட மலாய்க் கல்லூரி, மலாய் அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் உயர்குடிப் பிள்ளைகளையும் ஆட்சிப் பணிக்குத் தயார்செய்த விடுதிப் பள்ளியே ஆகும். 1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கிய நிலையம். மேற்படிப்பு என்ற பொருளுக்கு நெருங்கி வந்தவை சிங்கப்பூரில் இருந்த இரண்டு மட்டுமே: 1905இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1921 முதல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்ற நிலையம் ஒன்று, சிங்கப்பூர் நிறுவப்பட்டதன் நூற்றாண்டான 1919இல் திட்டமிடப்பட்டு, பல ஆண்டு இழுபறிக்குப் பின் 1928இல் வகுப்புகளைத் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரி மற்றொன்று. அலோர் ஸ்டாரில் 1908இல் தொடங்கப்பட்ட அரசாங்க ஆங்கிலப் பள்ளி பிற்காலத்தில் சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி என்று பெயர் மாறியது என்றாலும், பெயர் மாறிய பின்னும் அது பள்ளியாகவே நீடித்தது. எனவே அக்காலக் கெடாவின் ‘கல்லூரி வாழ்வு’ என்று பேசும்போது, பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியின் மேல் வகுப்புகளையும், அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சென்ற ஒரு சிறு கூட்டத்தையுமே பேசுகிறோம்.

அந்தக் கூட்டம் ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது என்பதற்குக் கெடாவின் தனித்த அரசியல் நிலையும் ஒரு காரணம். 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படி சயாம் தனக்கிருந்த உரிமைகளைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தபோது கெடா பிரிட்டிஷ் மேலாண்மைக்குள் வந்தது. ஆனால் பேராக், சிலாங்கூர் முதலிய நான்கு மாநிலங்களைப் போலக் கூட்டரசில் சேராமல், ‘கூட்டரசில் சேராத மலாய் மாநிலம்’ என்ற வகையில் தனித்து நின்று, 1923இல்தான் பிரிட்டனுடன் முறையான உடன்படிக்கை செய்துகொண்டது. சுல்தான் அப்துல் ஹமீது ஹாலிம் ஷா நோயுற்றிருந்த நிலையில் அவருடைய மகன் துங்கு இப்ராஹிம் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த இக்காலத்தில், அரசாங்க அலுவல்கள் மலாய் மொழியில் நடந்தன. வார விடுமுறை வெள்ளிக்கிழமையாக இருந்தது. மாநில அரசுப் பணிகளில் மலாய்க்காரருக்கே முன்னுரிமை தரப்பட்டது. கோலாலம்பூரில் ஆங்கிலம் கற்ற ஒரு தமிழ் இளைஞனுக்கு அரசு அலுவலகக் கதவு ஓரளவு திறந்திருந்தது என்றால், அலோர் ஸ்டாரில் அதே கல்வி பெற்றவன் ரயில்வே, தபால், தோட்ட அலுவலகம், மருத்துவமனை, வணிக நிறுவனம் ஆகியவற்றைத்தான் பெரிதும் எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

அலோர் ஸ்டார் ஆங்கிலப் பள்ளியின் தொடக்கக் காலத் தலைமையாசிரியராக இருந்தவர், பினாங்கிலிருந்து வந்த முகமது இஸ்கந்தர். கேரள மரபில் வந்தவரான அவர் பின்னர் ஆசிரியப் பணியை விட்டு அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறைக்குச் சென்றார். 1925இல் பிறந்த அவருடைய மகன் மகாதீர் அதே பள்ளியில் பயின்று நாட்டின் பிரதமரானது இத்தொடரின் எல்லைக்கு வெளியே நிற்கும் செய்தி. இங்கே கவனிக்க வேண்டியது, அப்பள்ளியும், சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் எழுந்த ஆங்கிலப் பள்ளிகளும், 1816இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தவை என்பதே. அந்த முன்மாதிரிப் பள்ளியே 1928இல் ஜார்ஜ் டவுனின் ஃபார்குவார் தெருவில் இருந்த நெருக்கடியான பழைய இடத்தை விட்டு, விரிந்த திடல்கள் சூழ்ந்த கிரீன் லேன் வளாகத்துக்கு மாறியது. பள்ளி என்றால் கட்டடம் மட்டும் போதாது, அதைச் சுற்றிப் புல்தரை வேண்டும் என்ற எண்ணம் அக்காலக் கல்வியாளர்களிடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இந்த இடமாற்றமே சான்று.

ஆங்கிலப் பள்ளி முறையில் விளையாட்டு என்பது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓய்வாகக் கருதப்படவில்லை; பாடத்திட்டத்தின் எழுதப்படாத பாதியாகவே அது நடத்தப்பட்டது. மாணவர்களை வகுப்பு வேறுபாடின்றி நிறங்களாலோ பெயர்களாலோ குறிக்கப்பட்ட குழுக்களாகப் பிரித்து, அக்குழுக்களை ‘இல்லம்’ என்று அழைத்து, ஒவ்வோர் இல்லமும் மற்றவற்றோடு ஆண்டு முழுவதும் போட்டியிடுமாறு அமைத்த முறை இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தது. அங்கே மாணவர்கள் உண்மையிலேயே தனித்தனி வீடுகளில் தங்கினார்கள், இங்கே வீடு இல்லாமல் பெயர் மட்டும் வந்தது. ‘பிரிஃபெக்ட்’ எனப்பட்ட மாணவர் தலைவர்கள், சாரணர் படை, சொற்போர் மன்றம், ஆண்டு விளையாட்டு விழா ஆகியவையும் அதே வழியில் வந்து சேர்ந்தவையே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திய ஜூனியர், சீனியர் தேர்வுகளின் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்று, முடிவுகள் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தன. அந்த முடிவுக்காகக் காத்திருந்த இளைஞனுக்கு நேரம் போக்கவும் தன் பள்ளியோடு தொடர்பை விடாமல் இருக்கவும் எளிதில் கிடைத்த இடம் திடல். படிப்பை முடித்தவர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட பழைய மாணவர் சங்கங்களும் எழுத்தர்களின் மன்றங்களும் நகரக் காற்பந்து அணிகளின் நாற்றங்கால்களாக ஆனது இவ்வாறுதான்.

ஆட்டத்தின் உருவம் இன்றைய காற்பந்தை அறிந்தவருக்குப் பழக்கமற்றதாகவே தோன்றும். கோல் காவலருக்கு முன் இரண்டு பின்காப்பாளர்கள், அவர்களுக்கு முன் மூன்று இடைநிலை ஆட்டக்காரர்கள், முன்வரிசையில் ஐந்து தாக்குநர்கள் என்று கவிழ்த்து வைத்த கூம்பைப் போல அணி நின்றது. சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் நேரத்தில் தாக்குநருக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்ற பழைய ‘ஆஃப்சைடு’ விதி 1925இல் இரண்டு பேர் என்று தளர்த்தப்பட்டதால், உலகெங்கும் கோல்கள் திடீரெனப் பெருகிய காலம் இது. மலாயாவில் மலாய்க்காரரும் இந்தியரும் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் அணிந்த ஐரோப்பியரைக் காய்ந்த தரையில் வேகத்தால் வென்றவர்கள், மழை பெய்து திடல் சேறானதும் தடுமாறினார்கள். கெடாவின் சமவெளியில் ஆண்டின் பிற்பகுதியில் மழை வலுக்கும் மாதங்களில் ஆட்டத்தின் முடிவைத் திறமையோடு வானமும் சேர்ந்தே தீர்மானித்தது என்று சொல்வதில் மிகையில்லை.

மலாய்ச் சிறுவர்களுக்குக் காலால் பந்தைத் தட்டுவது புதிய கலையும் அல்ல. பிரம்பால் பின்னிய உருண்டையைத் தரையில் விழவிடாமல் வட்டமாக நின்று காலாலும் முழங்காலாலும் தலையாலும் தட்டிக்கொண்டே இருக்கும் ‘செப்பாக் ராகா’ என்ற ஆட்டம் தீபகற்பத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. வெற்றி தோல்வி என்ற பகுப்பில்லாமல், பந்து எத்தனை முறை மேலே நின்றது என்பதையே பெருமையாகக் கொண்ட அந்த ஆட்டத்தில் பழகிய கால்கள், இரண்டு கோல் கம்பங்களும் ஒரு நடுவரும் உள்ள ஆட்டத்துக்கு மாறியபோது பந்தைக் கட்டுப்படுத்தும் நயத்தைக் கையோடு கொண்டுவந்தன. கிராமத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பின்புலம் இல்லை. அவர்களுடைய ஆட்டங்கள் சடுகுடு, சிலம்பம், கிட்டிப்புள் என்று வேறு வகையைச் சேர்ந்தவை. ஆகவே காற்பந்து தமிழரிடம் வந்த வழி, தோலால் தைத்த பந்தைக் கையில் வைத்திருந்த ஆங்கிலப் பள்ளியின் வழியாகவே பெரிதும் அமைந்தது.

பள்ளிக்கும் பள்ளிக்கும், ஊருக்கும் ஊருக்கும் இடையே போட்டி நடக்க வேண்டுமானால் பதினோரு பேரையும் ஒரே நாளில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் ஊர்தி வேண்டும். முந்தைய பகுதிகளில் விரித்துரைத்த ரயில்பாதை, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சுங்கைப் பட்டாணி, பீடோங் வழியாக அலோர் ஸ்டாரை 1915இலும் சயாம் எல்லையான பாடாங் பெசாரை 1918இலும் எட்டியபின், பினாங்கு அணி படகில் தீபகற்பக் கரையிலுள்ள பிறைக்கு வந்து அங்கிருந்து ரயிலேறிக் கெடாவுக்கு வருவதும், கெடா அணி அதே வழியில் தீவுக்குச் செல்வதும் இயலக்கூடிய காரியங்களாயின. ரப்பர் மூட்டைகளுக்காகப் போடப்பட்ட தண்டவாளத்தில் காற்பந்தும் பயணம் செய்தது. கெடாக் காற்பந்துச் சங்கம் 1924இல் அமைந்ததும் இந்தப் போக்குவரத்து வளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கத்தக்கதே.

நாடு முழுவதற்குமான போட்டி அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கூட்டரசு மலாய் மாநிலங்கள் தம் செலவில் கட்டிப் பிரிட்டிஷ் கடற்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ‘மலாயா’ என்ற போர்க்கப்பல், 1916இல் ஜட்லாந்து கடற்போரில் பங்கெடுத்த பின், 1921 தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வருகை தந்தது. துறைமுகங்களில் உள்ளூர் அணிகளோடு ஆடி மகிழ்ந்த கப்பலார், பெற்ற விருந்தோம்பலுக்கு நன்றியாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை அளித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த முதல் மலாயாக் கிண்ண ஆட்டத்தில் சிலாங்கூர் பினாங்கை வென்றது. அவ்வாண்டின் கிண்ணம் சிங்கப்பூருக்குச் சென்றது. ஈயத்திலும் ரப்பரிலும் திரண்ட வருவாயில் கட்டப்பட்ட கப்பல், அந்த வருவாயை உழைத்துத் தந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தவை இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள் என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. 1920களின் பிற்பாதியில் இக்கிண்ணம் சிங்கப்பூருக்கும் சிலாங்கூருக்கும் பேராக்குக்கும் இடையேதான் கைமாறிக்கொண்டிருந்தது. 1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிங்கப்பூரும் சிலாங்கூரும் அதைப் பகிர்ந்துகொண்டன. வடக்கின் சிறிய மாநிலமான கெடா அந்த வரிசையில் இடம்பெறுவதற்கு இன்னும் காலம் இருந்தது.

இப்போட்டிகளுக்குக் கீழே நகர்தோறும் இயங்கிய காற்பந்து, இனவாரியாகப் பிரிந்த மன்றங்களின் காற்பந்தாக இருந்தது. ஐரோப்பியர், மலாய்க்காரர், சீனர், இந்தியர், யாழ்ப்பாணத் தமிழர் என்று ஒவ்வொரு சமூகமும் தன் மன்றத்தை வைத்துக்கொண்டு, மாலை நேரத்தில் திடலில் மற்றதை எதிர்கொண்டது. கோலாலம்பூரில் 1914இல் தோன்றிய தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் இவ்வகையில் குறிப்பிடத்தக்க முன்னோடி. ஆங்கிலேயருக்கு இது வசதியான ஏற்பாடு; சமூகங்கள் தனித்தனியே வாழ்ந்து திடலில் மட்டும் சந்திக்கும் நாட்டை ஆள்வது எளிது. ஆயினும், ஒரு சமூகத்து எழுத்தனும் மற்றொரு சமூகத்து ஆசிரியனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஒரே நடுவரின் ஊதலுக்கு நின்ற இடம், அக்கால மலாயாவில் நீதிமன்றத்தை விட்டால் திடல் ஒன்றுதான்.

இதுவரை சொல்லப்பட்டவை நகரத்துத் திடலைப் பற்றியவை. ஆனால் கெடாத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நகரத்தில் வாழவில்லை. 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 33,000 ஆக இருந்த கெடா இந்தியர் தொகை, 1931இல் ஏறத்தாழ 51,000 ஆக உயர்ந்தது. மாநிலத்தின் மொத்த மக்கள் தொகை அப்போது 4,30,000 அளவில் இருந்தது. இந்த இந்தியரில் பெரும்பகுதியினர் கோலமூடா, கூலிம் மாவட்டங்களின் ரப்பர் தோட்டங்களில் லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில், வாழ்ந்த தமிழர்கள். நகரத் திடலில் இறங்கி ஆடிய தமிழர் என்று சொல்லப்படுவோரோ, தோட்ட அலுவலகத்தின் கிராணி (எழுத்தர்), மருத்துவமனையின் டிரெசர் (மருத்துவ உதவியாளர்), ரயில் நிலைய அலுவலர், பள்ளி ஆசிரியர் ஆகிய சிறு வட்டத்தையும், அவ்வட்டத்தின் பிள்ளைகளையும் சேர்ந்தவர்கள். இவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்து, அமெரிக்க மிஷனரிகளும் ஆங்கிலத் திருச்சபையினரும் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலமும் விளையாட்டும் ஒருங்கே கற்று வந்தவர்கள். கூலிமுக்கு வருமுன்பே அவர்களுக்குக் காற்பந்து தெரிந்திருந்தது.

லயத்துப் பிள்ளைக்கு விதிக்கப்பட்ட பள்ளி வேறு. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை முதலாளிக்கு விதித்தது. கெடாவின் தோட்டங்களிலும் இதே வகைப் பள்ளிகளே அமைந்தன. தமிழே பயிற்றுமொழி; சென்னையில் அச்சான பாடநூல்கள்; மூன்று நான்கு வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. பல இடங்களில் ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை. கிராணியோ, தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் விளைவாக மலாயாவில் அமர்த்தப்பட்ட இந்திய அரசின் முகவர், ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் இப்பள்ளிகளின் குறையைச் சுட்டிக்காட்டிவந்தார். அலோர் ஸ்டார் பள்ளியின் மேல் வகுப்புக்கும் லயத்துப் பள்ளியின் கடைசி வகுப்புக்கும் இடையே படிக்கட்டு எதுவும் கட்டப்படவில்லை. தமிழில் மூன்றாம் வகுப்பு முடித்தவன் ஆங்கிலப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மாதக் கட்டணம் கட்ட வேண்டும், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு நாள்தோறும் சென்றுவர வேண்டும். தாய் தகப்பன் இருவரும் வெட்டுக்காட்டில் உழைத்தும், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக வகுக்கப்பட்டிருந்த கூலியில் இதற்கெல்லாம் இடம் எங்கே?

தோட்டத்தின் நாள் எவ்வாறு ஓடியது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு எடுப்பு. பொழுது புலர்ந்ததும் மரம் வெட்டு, அதாவது பால் வடியப் பட்டையைக் கீறுதல். வெயில் ஏறுமுன் மங்கு எனப்பட்ட கிண்ணங்களில் வடிந்த பாலைச் சேகரித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று நிறுத்துக் கொடுத்தல். பிற்பகலில் சமையல், துணி, தோட்டப் பயிர். பத்து வயது கடந்த பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாக மங்கு துடைத்தும் புல் பிடுங்கியும் இதே ஓட்டத்தில் கலந்திருந்தனர். மாலையில் கிடைத்த ஒன்றிரண்டு மணி நேரமும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னுள்ள வெட்டவெளியும் விளையாட்டுக்கு உதவின என்றாலும், பந்து வாங்குவது அத்தனை எளிதன்று. தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர்ப் பையை வைத்துக் காற்றடைத்து, வாயை வாரால் இறுக்கிக் கட்டிய அக்காலப் பந்து இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு; மழையில் நனைந்தால் எடை கூடித் தலையால் முட்டியவனைத் தள்ளாட வைக்கும். அந்தப் பந்தின் உள்ளே இருந்த ரப்பர்ப் பை, ஒருவேளை பாடாங் செராயிலோ பீடோங்கிலோ ஒரு மங்கில் சொட்டிய பாலாகவே தன் பயணத்தைத் தொடங்கியிருக்கக்கூடும். லயத்துப் பிள்ளைகளுக்குத் துணிப்பந்து போதுமானதாக இருந்தது.

கெடாவிலிருந்து உண்மையான கல்லூரி வளாகத்தை எட்டியவர்களின் வழி மூன்றாகப் பிரிந்தது. அரச குடும்பத்தார்க்கு அரசின் உதவித்தொகையோடு இங்கிலாந்து திறந்திருந்தது. 1903இல் அலோர் ஸ்டாரில் பிறந்து, அங்குள்ள ஆங்கிலப் பள்ளியிலும் பாங்காக்கிலும் பினாங்கு ஃபிரீ ஸ்கூலிலும் பயின்ற துங்கு அப்துல் ரஹ்மான், கெடா அரசின் உதவித்தொகையில் 1920இல் கப்பலேறி, கேம்பிரிட்ஜின் செயின்ட் கேதரின்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1925இல் பட்டம் பெற்றார். அதன்பின் லண்டனில் சட்டம் படிக்கச் சென்றவர் இந்த அத்தியாயத்துக்குரிய ஆண்டுகள் முழுவதையும் தேர்வுகளில் தேறாமலே கழித்து, வழக்கறிஞர் தகுதியை 1949இல்தான் பெற்றார். சட்டப் புத்தகத்தைவிடக் கார்களிலும் பந்தயங்களிலும் அவருக்கு நாட்டம் மிகுந்திருந்ததை அவரே பிற்காலத்தில் மறைக்கவில்லை. காற்பந்தின் மீது அவர் கொண்ட பற்றோ வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

ஆங்கிலம் கற்ற நடுத்தர வர்க்கத்தின் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் இரண்டாவது வழி. மருத்துவக் கல்லூரி டாக்டர்களை உருவாக்கியது. 1926இல் அதற்குப் புதிய கட்டடமும் எழுந்தது. ராஃபிள்ஸ் கல்லூரி கலையிலும் அறிவியலிலும் மூன்றாண்டுப் படிப்பை நடத்திப் பட்டயம் வழங்கியது. பட்டயம் என்பது பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட சான்று, அதைப் பெற்றவர்களை ஆங்கிலப் பள்ளிகளின் ஆசிரியர் பணியே பெரிதும் எதிர்பார்த்திருந்தது. மலாய் இலக்கிய வரலாற்று ஆய்வாளராகப் பெயர்பெற்ற ரிச்சர்ட் வின்ஸ்டெட் முதல்வராக இருந்த அக்கல்லூரி, புக்கிட் தீமாவில் வளைவு நடைகளும் நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த புல்முற்றங்களும் கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் வெப்ப மண்டலத்தில் நட்டு வைத்ததைப் போல எழுந்தது. முதல் ஆண்டு மாணவர் தொகை சில பத்துகளைத் தாண்டவில்லை. விளையாட்டு அணி ஒன்றை அமைத்தால் வகுப்பறையில் பாதி காலியாகிவிடும் அளவிலிருந்த அந்தச் சிறு வளாகத்துக்குக் கெடாவின் வடகோடியிலிருந்து ரயிலில் செல்வதென்றால் தீபகற்பத்தின் நீளம் முழுவதையும் கடக்க வேண்டும். கட்டணம், விடுதிச் செலவு, பயணச் செலவு மூன்றையும் தாங்கக்கூடிய குடும்பங்கள் தமிழரிடையே விரல்விட்டு எண்ணத்தக்கவை.

மூன்றாவது வழி கடல் கடந்து தாயகத்துக்கே திரும்பிய வழி. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்ததால், பினாங்கில் ஏறினால் சென்னை மாநிலக் கல்லூரியோ, பச்சையப்பன் கல்லூரியோ, 1925இல் தொடங்கிய லயோலா கல்லூரியோ சிங்கப்பூரைவிட மனத்துக்கு நெருக்கமானவையாகப் பல குடும்பங்களுக்குத் தோன்றின. அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம் பிள்ளைகளைச் செட்டிநாட்டில் வைத்தே வளர்த்தனர். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் விரிந்திருந்த அந்தச் சமூகத்தின் பெருஞ்செல்வரான அண்ணாமலைச் செட்டியார், சிதம்பரத்தில் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை, 20 இலட்சம் ரூபாய் நன்கொடையோடு 1929இல் பல்கலைக்கழகமாக உயர்த்தினார். கடல் கடந்த வணிகத்தில் திரண்ட செல்வம் சிதம்பரத்தில் வகுப்பறையாகவும் விடுதியாகவும் திடலாகவும் உருமாறிய அதே ஆண்டுகளில், அந்த வணிகத்துக்கு வாடிக்கையாளராக இருந்த கெடாத் தோட்டங்களின் லயத்துப் பள்ளிகள் கீற்றுக் கூரைக்குக் கீழேயே நடந்தன.

இவ்விடத்தில் அமெரிக்காவைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இருக்க முடியாது. ஏனெனில் கல்லூரிக் காற்பந்து என்ற தொடர் உலகில் மிகுந்த ஆரவாரத்தோடு ஒலித்த நாடு அதுவே. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதே அங்குக் காற்பந்து எனப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம் ஒன்றைத் திறந்தது. பல கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வதை 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளையின் ஆய்வறிக்கை வெளிப்படுத்தியது. அந்த அரங்கங்களுக்குப் பல்லாயிரவரைச் சுமந்து சென்ற மோட்டார் கார்களின் டயர்களே கெடாவின் பால்மரங்களை வாழவைத்தன: உலக ரப்பரில் பாதிக்கும் மேல் அமெரிக்காவே வாங்கியது, அமெரிக்க ரப்பர் நிறுவனம் கெடாவிலேயே தோட்டங்கள் வைத்திருந்தது, பீடோங்கை அடுத்த ஒரு தோட்டம் அமெரிக்காவின் மிகப் பழைய கல்லூரியின் பெயரைத் தாங்கி ஹார்வர்ட் தோட்டம் என்று வழங்கியது. அப்பெயரை நாள்தோறும் உச்சரித்த தமிழ்த் தொழிலாளருக்கு அது துரையின் பங்களாவையும் தொழிற்சாலையையும் லயங்களையும் குறித்த சொல். கல்லூரி ஒன்றின் பெயர் என்று அறிந்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

ரப்பரின் விலையே திடலின் விதியையும் எழுதியது. உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டத்தின் கீழ் 1925 இறுதியில் லண்டன் சந்தையில் ராத்தலுக்கு நான்கு ஷில்லிங்கையும் தாண்டிய விலை, அத்திட்டம் 1928 நவம்பரில் கைவிடப்பட்டபோது அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கி, 1929ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் தடையின்றி இறங்கி, 1932இல் இரண்டு பென்ஸுக்கும் கீழே போனது. நல்ல விலை நிலவிய ஆண்டுகளில் தோட்ட நிருவாகங்கள் எழுத்தர் மன்றங்களுக்குத் தாராளமாக உதவின. விலை சரிந்ததும் முதலில் நிறுத்தப்பட்டவை இத்தகைய செலவுகளே. ஆங்கிலப் பள்ளியின் திடலில் ஆடி வளர்ந்து எழுத்தர் வேலையில் அமர்ந்தவர்களும் ஆட்குறைப்பில் வேலையிழந்தனர். சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் வைத்திருந்தும் வேலையற்றிருந்த இளைஞர் என்ற புதிய வகை மனிதர் மலாயாவில் தோன்றியதும் இப்போதுதான்.

1930இல் தென்னிந்தியாவிலிருந்து அரசு உதவியோடு தொழிலாளர் வருவது நிறுத்தப்பட்டது. வேலையிழந்த குடும்பங்கள் சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் ரயிலேறிப் பிறைக்குச் சென்று, பினாங்கில் நாகப்பட்டினக் கப்பலுக்குக் காத்திருந்தன. லயத்துப் பள்ளிகள் பல, பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டன. 1931இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் முதலில் சேர்ந்த மாணவர்கள் தம் மூன்றாண்டுப் படிப்பை முடித்தார்கள். அதே ஆண்டு லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் கெடா ஆட்சிப் பணியில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்து, சிறிது காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த கூலிம் மாவட்டத்தின் துணை அதிகாரியாக வந்தார். மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்பதற்கு அப்போது இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.